மூட்டுநோய்ப் பெயர்களில் 'வாதம்'

சித்த மருத்துவம் உடலியக்கத்தை வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றன்வழி விளக்குகிறது. இவற்றுள் அசைவு வாதத்திற்குரியது. யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 எனப் பகுக்கிறது. அசைவைக் கெடுக்கும் நோய்கள் பலவும் இம்மரபில் வாதம் என்னும் பெயரையே பெற்றன.

இன்றைய வழக்கிலும் அப்பெயர் நிலைத்துள்ளது. பக்கவாதம் மூளையின் இரத்த ஓட்டம் தடைப்படுவதாலோ இரத்தக் கசிவாலோ நேர்வது. இளம்பிள்ளைவாதம் தண்டுவட நரம்பணுக்களை வைரஸ் தாக்குவதால் வருவது. முடக்குவாதமோ, உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் உண்டாவது. இவற்றின் காரணங்கள் வேறாயினும் பெயரின் இறுதிச்சொல் ஒன்றாகவே உள்ளது. இதனால் முடக்குவாதம் எனக் கேட்போர் அதனைப் பக்கவாதமெனக் கருதி அஞ்சவும், கை கால்கள் இயங்கும்வரை அந்நோய் தமக்கில்லை என எண்ணவும் இடமுண்டு.

பின்னைய எண்ணமே மிகுந்த தீங்கு விளைப்பது. முடக்குவாதம் முடக்கத்தில் தொடங்குவதில்லை. பெரும்பாலும் விரல்களின் சிறுமூட்டு வீக்கமாகவும், காலையில் ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும் இறுக்கமாகவும் தொடங்குகிறது. மூட்டுத்தேய்விலோ அவ்விறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துள் தளரும். தொடக்கத்திலேயே உரிய மருத்துவம் பெற்றால் முடக்குவாதத்தால் வரும் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம்.

'மூட்டுத்தேய்வு' என்பது நோயின் நிகழ்வைப் பெயரிலேயே உணர்த்துகிறது. 'முடக்குவாதம்' என்பதோ மருத்துவம் பெறாத நோயின் முடிவை உணர்த்துகிறது. வேரூன்றிய அவ்வழக்கை நீக்குதல் அரிது. எனினும், 'தன்னெதிர்ப்பு மூட்டழற்சி' போன்றதொரு விளக்கப்பெயரை அதனுடன் சேர்த்து வழங்குதல் நோயாளர் காலத்தே மருத்துவம் நாட உதவும்.