கூச்சம் வளர்த்த நோய்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது எனக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. பாடங்கள் முடியாமல் கிடந்ததால் பள்ளிக்கு விடுப்பு எடுக்க மனம் வரவில்லை. மாலையில் வீடு திரும்பும் வழியில் ஒரு மருந்துக் கடையில் நின்று, தொண்டை வலி என்று சொன்னேன். மருத்துவரின் சீட்டை யாரும் கேட்கவில்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என ஐந்து நாளுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரைகள் கைக்கு வந்தன. அந்த மாத்திரை அட்டையின் ஓரத்தில் ஒரு செங்கோடு இருந்தது. அதன் பொருள் என்னவென்று அன்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாளே தொண்டை தேறியது. மருந்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். பெரும்பாலான தொண்டை வலிகள் வைரஸால் வருபவை என்பதும், வைரஸுக்கு ஆன்டிபயாடிக் மருந்தால் எந்தப் பயனும் இல்லை என்பதும், எதுவும் உட்கொள்ளாமல் இருந்திருந்தாலும் ஏறக்குறைய அதே நாளில் குணமாகியிருக்கும் என்பதும் பின்னர்தான் எனக்கு விளங்கின.

மாத்திரை முடிந்த இரண்டாம் நாள், பிறப்புறுப்பில் அரிப்பு தொடங்கியது. பிறகு எரிச்சல்; தயிர்த் திப்பி போன்ற கெட்டியான வெள்ளைப்படுதல். வகுப்பில் நின்று பாடம் நடத்துவதே பெரும்பாடாயிற்று. அக்காவிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னேன். "உடம்புச் சூடுதான், வெந்தயத்தை ஊறவைத்துக் குடி" என்றாள். குடித்தேன். பயனில்லை. மறுபடியும் அதே மருந்துக் கடைக்குச் சென்று, எங்கே என்று சொல்லாமல், "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று மட்டும் கேட்டேன். கொடுத்தார்கள். இரண்டு நாள் அரிப்பு அடங்கியது. மூன்றாம் நாள் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியது. இப்படியே மூன்று வாரங்கள் கழிந்தன.

இறுதியில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்ட முதல் கேள்வி: "சமீபத்தில் ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா, அம்மா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. நோயைப் பற்றிய வெட்கமன்று. நான் இருபது ஆண்டுகளாக உயிரியல் பாடம் நடத்துபவள். பாலைத் தயிராக்குவது லாக்டோபேசில்லஸ் என்னும் பாக்டீரியா என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுபவள். அதே இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் என் உடலில் இருந்து என்னைக் காத்துவருகின்றன என்பதை ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையில் லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள் இயல்பாகவே வாழ்கின்றன. அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, அவ்விடத்தின் அமிலத்தன்மையை 3.8 முதல் 4.5 வரையிலான பிஎச் அளவில் வைத்திருக்கின்றன. அங்கேயே கேண்டிடா என்னும் பூஞ்சையும் சிறு அளவில் இருக்கக்கூடும். குடலிலும் வாயிலும்கூட அது உண்டு. ஈஸ்ட் வகையைச் சேர்ந்த இப்பூஞ்சை, பாக்டீரியாக்கள் பெருகி நிற்கும்வரை எவருக்கும் தொல்லை தராமல் அடங்கியிருக்கும். பயிர் அடர்ந்து நிற்கும் வயலில் கோரை தலைதூக்க முடியாதல்லவா, அதைப் போலத்தான்.

ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே உருவானது. பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல் சுவர் உருவாவதைத் தடுக்கின்றன. பூஞ்சையின் செல் சுவர் வேறு பொருள்களால் ஆனது. எனவே மருந்து அதைத் தொடுவதில்லை. தொண்டைக்கென்று விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கிறது. நல்ல பாக்டீரியா, தீய பாக்டீரியா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. பயிர் அழிந்த வயலில் கோரை மண்டுகிறது. கைக்குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு நாக்கில் வெண்படலம் படர்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆன்டிபயாடிக் உட்கொள்ளும் எல்லாப் பெண்களுக்கும் இது வருவதில்லை. கர்ப்பிணிகளுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கும் வாய்ப்பு மிகுதி. எனினும் இது அரிய நோயன்று. பெண்களில் நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்று வருவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அப்படியிருந்தும் நம் வீடுகளில் இதற்கு ஒரு பெயர்கூட இல்லை. 'சூடு' என்போம், 'எலும்பு உருகுகிறது' என்று அஞ்சுவோம். இன்னும் சிலர், இது தவறான உறவால் வருவது என்று கணவரோ மாமியாரோ ஐயப்படுவார்களோ என நடுங்கி வாய் திறப்பதில்லை. கேண்டிடா தொற்றைப் பாலியல் நோயாக மருத்துவம் கருதுவதில்லை. உறவில் ஈடுபடாத பெண்ணுக்கும் இது வரும். இந்த ஓர் உண்மை தெரிந்தாலே பல பெண்களின் பாதித் துன்பம் நீங்கும்.

நான் பூசிய களிம்பின் கதையையும் மருத்துவரே விளக்கினார். அதில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, அவற்றோடு வீரியமான ஒரு ஸ்டீராய்டு என மூன்றும் கலந்திருந்தன. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கும். ஆனால், அவ்விடத்தின் எதிர்ப்பாற்றலையும் சேர்த்து அடக்கிவிடும். வெளியே குணமானதுபோல் தோன்ற, பூஞ்சை உள்ளே செழிக்கும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என 2018-இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியதும் இத்தகைய தீங்குகளைத் தடுக்கத்தான்.

சிகிச்சை என்னவோ எளிதாகவே முடிந்தது. பரிசோதித்த பிறகு, உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரைகளை எழுதித் தந்தார். ஒரு வாரத்தில் நலமானேன். சிலருக்கு ஃபுளுகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை ஒரே வேளை போதும். ஆனால், கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். வேறு சில மருந்துகளோடும் அது ஒத்துப்போகாது. எனவே, எது யாருக்கு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எல்லா வெள்ளைப்படுதலும் பூஞ்சையால் வருவதும் அன்று. நீர்த்துச் சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு இருந்தால் அது பாக்டீரியா தொடர்பான வேறொரு கோளாறாக இருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு. நாமே ஊகித்து மருந்து வாங்கினால் நோய் ஒன்று, மருந்து ஒன்று என்றாகிவிடும்.

சோப்பையோ கிருமிநாசினியையோ கொண்டு உள்ளே கழுவக் கூடாது என்றும், பருத்தி உள்ளாடை அணிய வேண்டும் என்றும், ஈர உடையோடு இருக்கக் கூடாது என்றும் சொன்னார். தயிர் சாப்பிட்டால் வராதா என்று கேட்டேன். தயிர் நல்ல உணவு. ஆனால், அதை இந்நோய்க்குக் காப்பாக நம்பியிருக்க முடியாது என்றார். ஆன்டிபயாடிக் எடுக்கும் பெண்களுக்கு லாக்டோபேசில்லஸைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 2004-இல் வெளியானது. அதிலும் தொற்று தடுக்கப்படவில்லை.

இரத்தச் சர்க்கரையையும் பார்க்கச் சொன்னார். வெறும் வயிற்றில் 118 இருந்தது; நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஓராண்டில் மூன்று, நான்கு முறை இத்தொற்று திரும்ப வந்தால் சர்க்கரையைக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்றார். வெட்கப்பட்டு மறைத்த நோய்தான் எனக்கு அந்த எச்சரிக்கையைக் கொண்டுவந்தது.

அட்டையில் கண்ட செங்கோட்டின் பொருளை இப்போது அறிவேன். மருத்துவர் சீட்டின்றி உட்கொள்ளாதே என்பதே அது. இந்தியாவில் முக்கியமான சில ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் உள்ளிட்ட 46 மருந்துகளுக்கு 'எச்1' என்னும் தனி அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அவற்றை விற்கும் கடைக்காரர், எழுதிக் கொடுத்த மருத்துவர், வாங்கிய நோயாளி ஆகியோரின் விவரங்களைப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது, கேட்பவரும் கொடுப்பவரும் அதை மறந்துவிடுகிறோம். கடைக்காரரை மட்டும் குறைசொல்லி நான் தப்பிக்க முடியாது. கேட்டு வாங்கியவள் நான்.

இதைப் படித்துவிட்டு, மருத்துவர் தேவையறிந்து எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கை எவரும் பாதியில் நிறுத்திவிட வேண்டாம். அது உயிர் காக்கும் மருந்து. முன்பு பூஞ்சைத் தொற்று வந்திருந்தால், அவர் மருந்து எழுதும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். மருந்தின் நடுவே அரிப்பு தொடங்கினால் அவரிடமே திரும்பிச் செல்ல வேண்டும். தேவையில்லாத இடத்தில் அம்மருந்தை விழுங்குவதுதான் தவறு. அதனால் நம் உடலின் காவல் குலைவதோடு, மருந்துக்கு அடங்காத கிருமிகளும் வளர்கின்றன.

என் மூன்று வாரத் துன்பத்தில் நோயால் வந்தது பாதி. சொல்லக் கூசியதால் வந்தது மீதி. அந்தக் கூச்சத்தை என் மாணவிகளுக்கும் விட்டுச் செல்ல எனக்கு விருப்பமில்லை. இவ்வாண்டு லாக்டோபேசில்லஸ் பாடத்தை நடத்தும்போது, அது தயிரில் மட்டுமன்றிப் பெண்ணின் உடலிலும் இருந்து காவல் காக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். வகுப்பில் சிறு சிரிப்பொலி எழுந்து அடங்கியது. மணி அடித்த பிறகு, ஒரு மாணவி மட்டும் போகாமல் என் மேசையருகே நின்றாள்.