பழைய டிராக்டர் எஞ்சினுக்கு எவ்வளவு வேலை தேவை?

தாம்பரத்தை அடுத்த படப்பை, மணிமங்கலம் முதலிய ஏரிப்பாசனப் பகுதிகளில் நன்செய் நிலங்கள் பல வீட்டுமனைகளாகி விட்டன. டிராக்டருக்குரிய உழவும் அந்த அளவுக்குக் குறைந்துள்ளது. ஆகையால், பழைய எஞ்சினுக்குச் செலவிடும் பணம் திரும்புமா என்பதை நிலமுடையோரும், டிராக்டரை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கத்தாரும் முன்னரே ஆராய வேண்டும். 1960-ல் சென்னையில் ஏற்பட்ட டாபே கம்பெனியாரின் மாஸி பெர்குஸன் போன்ற மூன்று சிலிண்டர் டீசல் வண்டிகள் இப்பக்கங்களிலும் பழக்கமானவை. இவற்றில் சக்தி குறைந்தவுடன் எஞ்சின் முழுவதையும் பிரித்தே தீரவேண்டும் என்பதில்லை.

முதலில் புகையைக் கவனிக்க வேண்டும். காற்று வடிகட்டி அடைபட்டாலும், இன்ஜெக்டர் பழுதானாலும் கரும்புகை வரும். அவற்றைச் சீர்செய்வதே போதுமானதாகலாம். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது; அந்நிலையில் எஞ்சினை ஓட்டலாகாது.

அடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷனை அளக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால், பெரும்பாலும் ஹெட்டைக் கழற்றி வால்வையும் காஸ்கெட்டையும் பார்ப்பதோடு வேலை முடியும். மூன்றிலும் குறைந்து, ஆயில் ஊற்றும் வாயில் புகை வேகமாக வெளிவருமாயின், ரிங்கும் லைனரும் தேய்ந்தன எனக் கொள்ளலாம்.

லைனர் மிகுதியாகத் தேய்வது மேற்பகுதியிலேயே. அங்கு விரல் நகத்தில் தட்டும்படி விளிம்பு இருந்தால், மேல், நடு, அடி ஆகிய மூன்றிடங்களிலும் அளவெடுக்க வேண்டும். வரம்புக்கு மேல் தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போடுவது வீண் செலவு. நீலப்புகை விரைவில் திரும்பும்.

எஞ்சின் சூடேறியபின் ஆயில் பிரஷர் தாழ்ந்து, அடியில் தட்டும் ஓசையும் கேட்குமாயின், கிராங்க் ஷாப்டை மைக்ரோமீட்டரால் அளப்பது அவசியம். அளவு சரியாயிருந்தால் புதிய பேரிங் போதும். நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் மட்டுமே கடைந்து, அதற்கேற்ற குறையளவு பேரிங் போட வேண்டும். வீணே கடைவது ஷாப்டின் ஆயுளைக் குறைக்கும்.

பட்டறைக்காரரிடம் அளவுகளை எழுத்து மூலம் பெற்று, வண்டிக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலையுண்டு என்பதோடு செலவை ஒப்பிட்டு முடிவு செய்தல் நலம். புதுப்பித்த எஞ்சினைச் சிலகாலம் நடுத்தர பாரத்தில் ஓட்டி, ஆயிலை மாற்றிய பின்னரே சேற்றுழவுக்கு இறக்க வேண்டும்.