இரவில் அணையும் கேமரா: வாட் கணக்குப் பார்த்து ஸ்விட்ச் வாங்குங்கள்

ஆட்டுக் கொட்டில், கோழிப்பண்ணை, கிணற்று மோட்டார் அறை ஆகிய இடங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் வழக்கம் கிராமங்களிலும் பரவி வருகிறது. ஆடு திருட்டுக்கும் மோட்டார் ஒயர் திருட்டுக்கும் பயந்து, கடன் வாங்கியாவது விவசாயிகள் இதைச் செய்கிறார்கள். பகல் முழுவதும் படம் தெளிவாகத் தெரிகிறது. இருட்டியதும் ஒன்றிரண்டு கேமராக்கள் நின்றுவிடுகின்றன. விடிந்ததும் தாமாகவே வேலை செய்கின்றன. கடைக்கு எடுத்துச் சென்றால் அங்கு ஒரு குறையும் தெரிவதில்லை. இத்தகைய நிலையில் முதலில் பார்க்க வேண்டியது கேமராவை அல்ல, ஸ்விட்சை.

இது விளக்குப் போடும் சுவிட்சு அல்ல. பல கேமராக்களை ஒன்று சேர்க்கும் சிறு பெட்டி. படம் வரும் அதே ஒயரில் கேமராவுக்கு வேண்டிய மின்சாரத்தையும் அனுப்பும் வகையைக் கடைகளில் 'பி.ஓ.இ. ஸ்விட்ச்' என்று கேட்டு வாங்கலாம். கேமராதோறும் தனி மின் இணைப்பு இழுக்க வேண்டியதில்லை என்பதால் தோட்டங்களுக்கு இது ஏற்றது. 2003-ம் ஆண்டுத் தர விதிப்படி ஒரு துளையில் 15.4 வாட் வரை அனுப்பலாம். ஒயரில் இழப்புப் போக, கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். 2009-ல் வந்த விதிப்படி 30 வாட் அனுப்பினால் 25.5 வாட் கிடைக்கும்.

தவறு நேருவது இங்கேதான். எட்டுத் துளை இருப்பதால் எட்டுக்கும் முழு மின்சாரம் உண்டு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஏரிக்கு எட்டு மடை இருந்தால் எட்டு மடைக்கும் தண்ணீர் இருக்கிறது என்று ஆகுமா? ஸ்விட்ச் மொத்தமாக எத்தனை வாட் தரும் என்பது பெட்டியிலோ அடிப்புறச் சீட்டிலோ தனியாக அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்கக் கூடாது.

ஒரு பண்ணையில் ஐந்து நிலையான கேமராக்களும், சுழலும் கேமரா ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். நிலையான கேமரா பகலில் 4 வாட் எடுக்கும். இரவில் அதனுள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத விளக்கு எரிவதால் 7 வாட் எடுக்கும். சுழலும் கேமராவுக்குப் பகலில் 10, இரவில் 25 வாட். பகல் மொத்தம் 30 வாட்தான். இரவிலோ ஐந்து ஏழு 35, அதனுடன் 25 சேர்த்து 60 வாட். 60 வாட் ஸ்விட்ச் பகலில் பாதிச் சுமையில் ஓடும். இரவில் ஒயர் இழப்பும் சேரும்போது தாங்காது. ஆகவே சீட்டில் உள்ள அதிகபட்ச வாட்டைக் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து, 75 வாட்டுக்குக் குறையாத ஸ்விட்சாக வாங்க வேண்டும். சுழலும் கேமராவைச் செருகும் துளை 30 வாட் தரக்கூடியதா என்பதும் முக்கியம்.

சுமை மிஞ்சினால் சாதாரண ஸ்விட்சுகள் பலவும் கடைசித் துளையைத்தான் முதலில் நிறுத்தும். கடைமடைக்காரர் கதைதான். ஆட்டுக் கொட்டில் கேமராவை முதல் துளையில் செருகுவது நல்லது.

ஒயர் விஷயத்தில் சிக்கனம் கூடாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயர் விற்கப்படுகிறது. கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதில் மின் இழப்பு அதிகம். தூரத்துக் கேமரா முதலில் நிற்கும். முழுச் செம்பு ஒயரானாலும் 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. கிணறு அதற்கு அப்பால் இருந்தால், அங்கு சூரிய ஒளித் தகடுடன் கூடிய தனிக் கேமரா வைப்பதே மேல்.

மின்வெட்டுக்கும் கணக்கு உண்டு. மேற்சொன்ன 60 வாட்டுடன் ஸ்விட்சுக்கு 10, படம் பதிவு செய்யும் பெட்டிக்கு 15 சேர்த்தால் 85 வாட். ஆறு மணி நேரத்துக்கு 510 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் சுமார் 640. 12 வோல்ட் 100 ஏ.எச். பேட்டரியில் 1,200 வாட்-மணி இருந்தாலும், ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் ஆயுள் குறையும். அதன்படி கிடைப்பது 600 மட்டுமே, போதாது. 150 ஏ.எச். பேட்டரி தாராளமாகத் தாங்கும்.

திறந்த வெளியில் தென்னை மரங்களுக்கிடையே தொங்கவிட்ட ஒயர் வழியாக இடி மின்னலின் தாக்கம் ஸ்விட்ச் வரை வந்துவிடும். ஒயரைக் குழாய்க்குள் செலுத்தி மண்ணில் புதைப்பதும், மின்னல் தடுப்பானைப் பொருத்தி அதற்குச் சரியான எர்த் கொடுப்பதும் அவசியம்.

பொருத்துபவர் பெரும்பாலும் பகலில் வந்து, படத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். இருட்டிய பிறகு எல்லாக் கேமராக்களையும் ஓடவிட்டு, சுழலும் கேமராவை அரை மணி நேரம் சுழற்றிப் பார்த்த பின்பே பாக்கித் தொகையைக் கொடுக்க வேண்டும்.