மலை தரும் ஆறுகள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

மலையும் ஆறும் காண வேண்டுமென்றால் குற்றாலத்திற்கோ உதகைக்கோதான் போக வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். நம் உடையார்பாளையத்திற்கு மேற்கே, பெரம்பலூரைத் தாண்டியதும் பச்சைமலை நிற்கிறது. அதன் அழகை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைக் கடந்து கொள்ளிடத்தில் கலக்கிறது. நமக்கு வடக்கே ஓடும் வெள்ளாறும் மலைகளின் கொடையே. வசிஷ்ட நதியும், கொல்லிமலையிலிருந்து வரும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டை அருகே கடலைச் சேர்கின்றன.

இவை ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போதுதான் பெருகி ஓடும். ஆகவே மழைக்காலமே இவற்றைக் கண்டு மகிழ ஏற்ற காலம்.

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில், பச்சைமலை அடிவாரத்திலுள்ள லாடபுரத்திற்குச் சென்றோம். அங்குள்ள மயிலூற்று அருவி பாறைகளின் மீது வெள்ளிச் சரிகை போல் விழுந்துகொண்டிருந்தது. நானும் தங்கையும் ஆவலுடன் நீரில் இறங்கினோம். சித்தப்பா மலையுச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மேலே கறுத்திருக்கிறது, உடனே கரையேறுங்கள்" என்றார். எங்கள் தலைமேல் வெயில் அடித்ததால் எனக்குக் கோபம் வந்தது. சிறிது நேரத்தில் தெளிந்த நீர் செம்மண் நிறமாகிச் சருகுகளோடு பொங்கி வந்தது. நாங்கள் நின்ற பாறை நீரில் மூழ்கிவிட்டது! தங்கையின் கையை நான் வெகுநேரம் விடவில்லை.

காரணத்தைச் சித்தப்பா விளக்கினார். மலைச்சரிவில் மண் குறைவு, பாறை மிகுதி. ஆகவே உச்சியில் பெய்த மழை விரைந்து இறங்கிவிடும். மரங்கள் அடர்ந்த இடத்தில் சருகும் வேரும் நீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடும். அங்கு மழை ஓய்ந்த பின்பும் ஓடையில் நீர் ஓடும். மரம் அழிந்த இடத்திலோ இன்று வெள்ளம், நாளை வெறும் மணல்.

வரும் நீரைத் தேக்கவும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்தான். கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் அதற்குக் கால்வாய்கள் வந்தன. இன்று பொன்னேரி என்கிறோமே, அதுதான் அந்த ஏரி!

தோழியரே, மலையாற்றைக் காணப் பெரியவர்களுடன் செல்லுங்கள். நீரில் இறங்குமுன் மலையுச்சியைப் பாருங்கள். நீர் கலங்கினால் உடனே கரையேறுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முடிந்தால் ஒரு மரக்கன்றும் நடுங்கள். நமக்குப் பின் வரும் தங்கையரும் அந்த அருவியைக் காண வேண்டாமா?