நியாயம் சொன்ன சொல்

இன்று 'அபாலஜி' என்றால் தலைகுனிந்து சொல்வது. கிரேக்கத்தில் 'அப்பொலொகியா' என்று வழங்கிய காலத்தில் அது தலைநிமிர்ந்து சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர் தம் பக்க நியாயத்தை மன்றத்தில் எடுத்துரைக்கும் உரைக்கு அந்தப் பெயர். கி.மு. 399இல் ஏதென்ஸில் 70 வயது சாக்ரடீஸ் நிகழ்த்தியதும் அதுதான்; அதைப் பதிவு செய்த பிளேட்டோவின் நூலுக்கும் அதுவே தலைப்பு. இரக்கம் தேடிப் பிள்ளைகளை மன்றத்துக்கு அழைத்து வருவோர் அன்று இருந்தார்கள். சாக்ரடீஸ் மறுத்துவிட்டார். நடுவர்களில் 30 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் விடுதலை பெற்றிருப்பார்.

ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் அந்தச் சொல் உடனே வளைந்துவிடவில்லை. 1533இல் தாமஸ் மோர் இதே தலைப்பில் எழுதிய நூலில் மன்னிப்பு இல்லை, வாதம்தான். 1595இல் அச்சான பிலிப் சிட்னியின் நூல் கவிதைக்காக வழக்காடியது. ஏறத்தாழ அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் வருத்தம் தெரிவித்தல் என்ற பொருளும் வந்து சேர்ந்தது. மெல்ல மெல்லப் பழைய பொருளைப் பின்னுக்குத் தள்ளியது.

அன்று ஒரு தனிமனிதர் அரசின் முன் நின்று சொன்னதை, இன்று அரசுகள் மக்கள் முன் நின்று சொல்கின்றன. 1914இல் 376 பயணிகளுடன் வான்கூவர் சென்ற கோமகாட்டா மாரு கப்பலைக் கனடா திருப்பி அனுப்பியது; ஒரு சிலரைத் தவிர எவரையும் கரையிறங்க விடவில்லை. 2016இல் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். 102 ஆண்டு தாமதம்தான். ஆனாலும் சொல்லின் பழைய பொருளை வைத்து இந்த மன்னிப்பைக் கேட்டிருக்க முடியாது. 1919 ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கோ, 2019இல் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே ஆழ்ந்த வருத்தம் தெரிவித்ததோடு நிறுத்திக்கொண்டார். முழு மன்னிப்பைக் கேட்டவர்களுக்கு அது போதவில்லை. போதாதுதான்.

மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற அச்சம் பலர் வாயை அடைக்கிறது. அதற்காகவே இங்கிலாந்தில் 2006இல் ஒரு சட்டம் வந்தது: மன்னிப்புக் கேட்டது ஒன்றையே கொண்டு கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகக் கொள்ள முடியாது. சிகிச்சையில் பிழை நேர்ந்தால் மருத்துவர் நோயாளியின் வீட்டாரிடம் இனி வாய்திறந்து பேசலாம், அது நல்லதே. ஆனால் சாக்ரடீஸ் தம் சொல்லின் விளைவு முழுவதையும் தாமே ஏற்றார். அந்தக் கனம் இந்தச் சட்டத்துக்குள் வரும் மன்னிப்பில் இல்லை.