எம்சிபி இருக்கு, சரி. ஆர்சிசிபி இருக்கா?

ஷாக் அடிச்சா எம்சிபி தானா விழுந்துடும்னு நம்மள்ல நிறைய பேர் நினைச்சிட்டிருக்கோம். விழாது.

எம்சிபி காப்பாத்துறது வயரை. ஏசி, கீசர் லைன்ல பொதுவா 16 ஆம்பியர், 20 ஆம்பியர் எம்சிபி இருக்கும். லோடு அதைத் தாண்டி, வயர் சூடாகி உருகுறதுக்கு முன்னாடி அது சப்ளையை நிறுத்தும். ஆனா மனுஷ உயிருக்கு ஆபத்து வர, சில பத்து மில்லிஆம்பியர் போதும். 1,000 மில்லிஆம்பியர் சேர்ந்தாதான் ஒரு ஆம்பியர். அவ்வளவு சின்ன கசிவு எம்சிபிக்குத் தெரியவே தெரியாது.

அதைப் பிடிக்கத்தான் ஆர்சிசிபி. ஃபேஸ்ல போற கரன்ட், நியூட்ரல்ல அப்படியே திரும்புதான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். உங்க உடம்பு வழியா கொஞ்சம் தரைக்கு இறங்கினா கணக்கு உதைக்கும். வீட்டுக்கான ஆர்சிசிபி, வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டுறதுக்குள்ள, கண் இமைக்கிற நேரத்துல கட் பண்ணிடும். ஆனா ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டா, அதாலயும் காப்பாத்த முடியாது.

இன்னைக்கே மெயின் பாக்ஸைப் பாருங்க. சின்னதா ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கா? கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு அழுத்துங்க. கரன்ட் போகணும். போகலைன்னாலோ, பட்டனே இல்லைன்னாலோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க.