தாய் மனம் – 9: முப்பது கழிந்த பிறகு

பிள்ளை பெற்ற முதல் இரண்டு வாரங்களில் வந்து போகும் அழுகையையும், அதற்கு மேலும் விடாமல் பிடித்துக்கொள்ளும் மனச்சோர்வையும் சென்ற வாரம் பிரித்துப் பார்த்தோம். இந்த வாரம் பார்க்கப்போவது அச்சத்தை. பிரசவ அறையில் நடந்து முடிந்தது, தாயின் உடம்புக்குள் மட்டும் முடியாமல் நடந்துகொண்டே இருக்கும் நிலை அது.

இப்படி ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், ஈப்போ புந்தோங்கில் வாழ்க்கைப்பட்டவர். முதல் பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்கவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தலைக்கு மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. யாரோ இரத்தம் கேட்டுக் குரல் கொடுத்தார். அவர் பிழைத்துக்கொண்டார், பிள்ளையும் நலம். குடும்பம் கும்பிடு போட்டு, அத்துடன் அதை மறந்துவிட்டது. ஆனால் அவருக்கு டெட்டால் வாடை பட்டாலே நெஞ்சு அடைக்கிறது. கண்ணை மூடினால் அந்த விளக்குகள் வருகின்றன. மருத்துவமனை இருக்கும் சாலைப் பக்கமே போக மாட்டேன் என்கிறார். அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

இத்தகைய அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால்தான் மருத்துவம் அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு, அதாவது பி.டி.எஸ்.டி. என்கிறது. நம் வீடுகளில் அந்த ஒரு மாதம் எது? முப்பது. முப்பதாம் நாள் வீட்டைக் கழுவி, தலைக்கு ஊற்றி, சாம்பிராணி போட்டுத் தீட்டுக் கழிக்கிறோம். ஒத்தாசைக்கு வந்த அம்மா பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறார். பத்தியச் சாப்பாடு நிற்கிறது. பிள்ளை பெற்றவள் பழைய ஆளாகிவிட்டாள் என்று வீடு முடிவுகட்டுகிறது. நோயை இன்னதென்று சொல்லக்கூடிய நாள் வரும்போது, நாம் அவளைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

பொதுவாக 100 தாய்மாரில் சுமார் 4 பேருக்கு இந்தப் பாதிப்பு வருவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வந்த கட்டுரை சொல்கிறது. சிக்கலான கர்ப்பம், குறைமாதப் பிரசவம் என்று இடர்ப்பட்டவர்களிடம் அது 100க்கு 18ஐத் தாண்டுகிறது. மனச்சோர்வைப் பற்றி மலேசியாவிலேயே கணக்கு உண்டு. 2016ல் அரசு கிளினிக்குகளுக்கு வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம், பிள்ளை பிறந்து 6 முதல் 16 வாரங்களுக்குள் கேட்டறிந்தார்கள். 100க்கு 4.4 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறி இருந்தது. அதோடு சேர்ந்து வந்த காரணங்களைப் படித்தபோது எனக்கு நம் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன: குறைந்த வருமானம், எதிர்பாராத கர்ப்பம், பேறுகாலத்தில் வீட்டார் துணையின்மை, கணவனின் குடி, மனம் நோகடிக்கும் வன்முறை.

லயத்தில் இருந்த துணை

ரப்பர் தோட்ட வாழ்க்கையை நான் அழகுபடுத்திப் பேச மாட்டேன். இருட்டோடு எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போன பெண்களின் பாடு அது. ஆனாலும் லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெண் இருந்தாள். இரவில் அழுகைச் சத்தம் கேட்டால் காலையில் வந்து விசாரித்தாள். தோட்டங்கள் விற்கப்பட்டு, செம்பனைக்கு மாறி, வீடமைப்புப் பகுதிகளாகி, மக்கள் சிதறிய பிறகு பேராக்கின் பல தாய்மார் அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருக்கிறார்கள். துணை போய்விட்டது, தோட்டத்துப் பேச்சு மட்டும் கூடவே வந்திருக்கிறது. “நாங்கல்லாம் அஞ்சு பெத்தோம், உடனே பால் வாளி தூக்கினோம். உனக்கு மட்டும் என்னம்மா புதுசா?” என்கிறார் மாமியார். அவருக்கு எதுவும் நேரவில்லை என்பதற்கு இது சான்றாகாது. அவரை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை என்பதற்குத்தான் சான்று.

இன்னொரு தடை, ஓர் ஊரின் பெயர். ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நடுவே, தஞ்சோங் ரம்புத்தானில் 1911ல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் இன்றைய ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. நூறாண்டுக்கு மேலாகப் பல்லாயிரம் பேருக்குச் சிகிச்சை தந்த இடம். நாம் அதன் ஊர்ப் பெயரைப் பிள்ளைகளை மிரட்டவும், ஆகாதவரை ஏசவும் பயன்படுத்திப் பழகிவிட்டோம். அதனால்தான் “மனசு சரியில்லை” என்று சொல்ல ஒரு தாய்க்கு நா எழவில்லை. காத்து கருப்பு என்று சொல்லித் தாயத்துக் கட்டுவது நமக்கு எளிதாக இருக்கிறது.

சிகிச்சை அறையில்

மேலே சொன்ன தாய்க்கு உதவக்கூடிய சிகிச்சைகளில் ஒன்று, கண்ணசைவைக் கொண்டு நடத்தும் இ.எம்.டி.ஆர். அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ இதை 1987ல் கண்டறிந்து, 1989ல் தம் முதல் ஆய்வை வெளியிட்டார். 2013ல் உலகச் சுகாதார நிறுவனம் பி.டி.எஸ்.டி.க்கு உரிய சிகிச்சைகளில் ஒன்றாக இதைப் பரிந்துரைத்தது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் ஆலோசகர்களுக்கு இதில் பயிற்சி தந்திருக்கிறார்கள். ஆகவே நமக்கு அந்நியமான ஒன்றல்ல.

எட்டுக் கட்டங்களாக நடக்கும் சிகிச்சை இது. எடுத்த எடுப்பில் பிரசவத்தைத் தொட மாட்டார்கள். முதலில் தாயின் கதையைக் கேட்டு, பதற்றம் வந்தால் தணித்துக்கொள்ளும் வழிகளைப் பழக்குவார்கள். பிறகு நினைவின் மிகக் கொடிய கணத்தைக் கேட்பார்கள். “தலைக்கு மேலே ஓடின விளக்கு” என்கிறார் அவர். அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது? “நான் சாகப்போறேன்.” அதற்குப் பதில் எதை நம்ப விரும்புகிறீர்கள்? “அது முடிஞ்சிடுச்சு, நான் உயிரோட இருக்கேன்.” துயரம் 0 முதல் 10க்குள் எவ்வளவு? “ஒன்பது.” உடம்பில் எங்கே? அவர் கை தொண்டைக்குப் போகிறது.

அடுத்து, அந்தக் காட்சியை மனத்தில் நிறுத்தியபடி, இடமும் வலமுமாக அசையும் சிகிச்சையாளரின் விரல்களைக் கண்ணால் தொடர வேண்டும். அரை நிமிடம் போல. விரல் நிற்கிறது. “மூச்சை இழுத்து விடுங்க. இப்ப என்ன வருதும்மா?” வந்ததைச் சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. மறுபடி விரல் அசையும். கண்ணுக்குப் பதில் கையில் மாற்றி மாற்றித் தட்டுவதும் உண்டு. காட்சி மங்கி, எண் இறங்கி, பூச்சியத்தை நெருங்கும்வரை இது தொடரும். பின்னர் அவர் விரும்பிய நம்பிக்கையை மனத்தில் ஊன்றி, உடம்பில் இறுக்கம் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நினைவு அழிந்துவிடாது. செரிக்காமல் நெஞ்சைக் கரித்துக்கொண்டிருந்த உணவு செரிப்பதைப் போல, அது கடந்த காலமாகிவிடும்.

இது ஏன் வேலை செய்கிறது? நினைவைத் தாங்கிக்கொண்டே விரலையும் தொடரும்போது மூளையின் கவனம் இரண்டாகப் பிரிகிறது, அதனால் காட்சியின் வீரியம் குறைகிறது என்பது முக்கியமான விளக்கம். கண்ணசைவால் தனிப் பயன் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் இன்னும் ஓயவில்லை.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது செய்யலாமா? நெதர்லாந்தில் பிரசவ அச்சம் கடுமையாக இருந்த கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2022ல் வந்தது. இ.எம்.டி.ஆர். பாதுகாப்பானது என்று தெரிந்தது. அச்சமும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களுக்கும் அதே அளவு குறைந்தது. அச்சத்தை யாரோ ஒருவர் பொருட்படுத்திக் கவனிப்பதே பெரிய மருந்து என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

எல்லைகளையும் சொல்ல வேண்டும். இ.எம்.டி.ஆர். அதிர்ச்சி நினைவுக்கான சிகிச்சை. வெறும் மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சைகளும், தேவையானால் பாலூட்டும் தாய்க்கேற்ற மாத்திரைகளும் முதல் வழி. பிள்ளை பெற்ற சில நாட்களில் தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்டு, பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசினால் அது பேறுகால மனப்பிறழ்வு. ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரும். அதற்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை. கைப்பேசியில் காணொளி பார்த்து இ.எம்.டி.ஆரை வீட்டில் செய்து பார்க்கவும் கூடாது. பிரசவத்தை ஒரே அமர்வில் முழுக்கச் சொல்ல வைத்து மீண்டும் அனுபவிக்கச் செய்வதைப் பிரிட்டனின் 2014 வழிகாட்டியே வேண்டாம் என்கிறது.

என்ன செய்யலாம்?

கர்ப்பக் காலப் பரிசோதனைக்குப் போன அதே கிளினிக் கெசிஹாத்தானுக்கே போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். “பிரசவத்துக்குப் பிறகு பயமாகவே இருக்கிறது” என்று தாதியிடம் தமிழிலோ மலாயிலோ சொல்லுங்கள். எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்வித் தாள் 1987 முதல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதைத் தரச் சொல்லிக் கேளுங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கோ உலு கிந்தாவுக்கோ பரிந்துரைக் கடிதம் தந்தால் தயங்காமல் போங்கள். இ.எம்.டி.ஆர். பயின்ற உளவியலாளர் இருக்கிறாரா என்று அங்கே விசாரியுங்கள். கிளினிக் போகும்வரை பேச ஆள் வேண்டுமென்றால், சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555 காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை இயங்குகிறது.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. 2023 ஜனவரி 1 முதல் மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. தந்தைக்கும் 7 நாள் உண்டு. அந்த 98 நாளில் முப்பது போக மிச்சம் 68. அம்மா ஊருக்குப் போன பிறகு வரும் அந்த 68 நாளும் உங்கள் பொறுப்பு. பிள்ளை பால் குடித்ததா என்று கேட்கும்போதெல்லாம், “நீ தூங்கினியா? அந்த நாள் ஞாபகம் இன்னும் வருதா?” என்றும் கேளுங்கள். வருகிறது என்று சொன்னால், மறுநாள் காலையில் கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.